பாப்பா குடிக்காமல் தூங்கிய இரண்டு நாள்

கோழிக்குஞ்சு முட்டையை உடைத்து வெளியே வந்தபிறகு இரண்டு நாள் தீனி இல்லாமல் தாங்கும். அதன் வயிற்றுக்குள் கொஞ்சம் மஞ்சள்கரு மிச்சம் இருக்கும், அது போதும். பொரிப்பகத்திலிருந்து பெட்டி பெட்டியாக வருகிற குஞ்சுகள், வழியெல்லாம் பட்டினியாக வந்தும், இறக்கிவிட்டவுடன் குடுகுடுவென்று ஓடுவது அதனால்தான். எருமப்பட்டிப் பக்கம் ஒரு பண்ணையில் குஞ்சு ஷெட்டுக்கு ஆறு வருடமாக நான்தான் பொறுப்பு. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒன்பதாம் வகுப்போடு ஒத்துவராமல் போய்விட்டது. ஆனால் குஞ்சைப் பற்றிக் கேட்டால் டாக்டர் மாதிரி பதில் சொல்வேன். அந்த வாயால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன்.

எழுதுவது, வீட்டுக்குப் புதிதாகக் குழந்தை வந்திருக்கிற ஆண்களுக்காக. பெண்களுக்கு இதில் பாதி முன்பே தெரியும். மீதியை அவர்கள் சொல்ல வரும்போது என்னைப் போல ஒருவன் குறுக்கே பேசி அடக்கிவிடுகிறான்.

என் மனைவி கௌரிக்கு அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். பெண் குழந்தை, இரண்டு கிலோ எண்ணூறு கிராம். மூன்றாம் நாள் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் குழந்தை, பால் மெதுவாகத்தான் ஊறியது. காம்பு வெடித்து, பாப்பா வாயை வைத்தாலே கௌரி பல்லைக் கடித்துக்கொள்வாள். பாப்பாவும் நான்கு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிப்போகும். ஆஸ்பத்திரியில் இருந்தவரை நர்சுகள் எழுப்பி எழுப்பிக் குடிக்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்தபிறகு எழுப்ப ஆள் இல்லை.

நான்காம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து மாமியார் வீட்டுக்குப் போனேன். குழந்தை பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது போதும், கச்சேரி ஆரம்பித்துவிடுவேன்.

கௌரி உள் அறையிலிருந்து கூப்பிட்டாள். "மாமா, பாப்பா காத்தால இருந்து ரெண்டே தடவதான் குடிச்சுது. எழுப்புனாலும் கண்ணு தொறக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுட்டு வந்தரலாமுங்களா?"

"தூங்கற புள்ளைய எழுப்பி வம்புக்கு இழுக்கறியா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "ஒரு நாள் குஞ்சுக்கே ரெண்டு நாளைக்கு மஞ்சக்கரு ஸ்டாக் இருக்குமல்லோ? இவுளுக்கு நீ ஒம்பது மாசம் உள்ளாற வெச்சுத் தீனி போட்டிருக்கற. பொங்கல் வரைக்கும் தாங்கும்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"மூஞ்சி மஞ்சளாட்ட இருக்குதுங்க," என்றாள் கௌரி.

"குஞ்சும் மஞ்சளாத்தான் இருக்கும். நல்ல ஜாதி."

அதற்கும் சிரித்தார்கள். கூட்டமே சிரித்தபிறகு பிள்ளை பெற்று நான்கு நாளான ஒருத்தி எப்படி வாதாடுவாள்? கௌரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளும் நன்றாகத் தூங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. அவள் தூங்கட்டும் என்றும் நினைத்தேன், பொய்யில்லை. அன்று ராத்திரி ஒருதரம் எழுப்பப் போனவளையும், "உடு கௌரி, பசிச்சா அதுவே கத்தும்" என்று படுக்க வைத்ததும் நான்தான்.

பசித்தால் கத்தும் என்பது நல்ல தெம்புள்ள குழந்தைக்குச் சரி. பால் போகாத குழந்தைக்குத் தெம்பு குறையும். தெம்பு குறைந்தால் தூங்கும். தூங்கினால் குடிக்காது. இந்தச் சுற்றில் மாட்டிய குழந்தை கத்தாது. வெளியில் பார்க்கிறவர்களுக்கு ரொம்ப அமைதியான குழந்தையாகத் தெரியும். என் மாமியார் வந்தவர்களிடமெல்லாம் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மாமியார்தான் ஐந்தாம் நாள் காலையில் முதலில் பயந்தவர். காலை நீட்டி உட்கார்ந்து, பாப்பாவைக் காலில் போட்டுத் தண்ணீர் வார்த்தார். முதல் சொம்புக்கு ஊரைக் கூட்டுகிற பிள்ளை அன்று முனகக்கூட இல்லை.

"என்ன சாமி, அழுவ மாட்டீங்கறீங்க?" என்று இன்னொரு சொம்பு ஊற்றினார். பாப்பாவின் கை தொங்கியது. "கௌரீ! இங்க வா கண்ணு!" என்ற அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பாப்பாவின் இடுப்புத் துணியில் செங்கல்பொடி நிறத்தில் ஒரு கறை இருந்தது. முந்தின நாளும் இருந்ததாம். உடம்புச் சூடு என்று நினைத்திருக்கிறார்கள். மூத்திரம் கெட்டியானால் அப்படிக் கறை விழும் என்று பிறகு சொன்னார்கள். பிறந்து முதல் நாளில் ஓரிரு கறை விழலாம், ஐந்தாம் நாள் விழுந்தால் குழந்தைக்குப் பால் போதவில்லை என்று பொருள்.

கையில் கிடைத்தது பண்ணையின் முட்டை வண்டிதான். மூவரும் ஏறினோம். டிரைவருக்குப் பழக்கம், ஒவ்வொரு வேகத்தடையிலும் முட்டை உடையாமல் ஏற்றி இறக்கினார். "அண்ணா, இன்னைக்கு லோடு இல்லீங்க, உட்டுப் போங்க!" என்று கத்தினேன். மடியில் பாப்பாவோடு கௌரி நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் எடை போட்டார்கள். இரண்டு கிலோ நானூறு. பிறந்த குழந்தை முதல் சில நாளில் கொஞ்சம் இளைப்பது வழக்கம்தான், பத்தில் ஒரு பங்கு வரை போகலாம். எங்கள் பாப்பா ஏழில் ஒரு பங்கைத் தொலைத்திருந்தது.

டாக்டரம்மா என் வயதுதான் இருப்பார். பாப்பாவின் உள்ளங்காலைச் சுண்டினார், வாய்க்குள் விரலை விட்டுச் சப்புகிறதா என்று பார்த்தார், உச்சிக்குழியைத் தடவினார். பிறகு என்னிடம், "எத்தனை மணிக்கு ஒரு தடவை பால் குடுத்தீங்க?" என்றார்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காங்க. நல்லா குடிச்சுதுங்க," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் முந்திக்கொண்டது. அங்கே நாலு பேர் இருந்தார்கள், நான் தப்பான ஆள் ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். கௌரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுத்துப் பேசவில்லை. பேசக்கூடாது என்று நேற்றே நான்தானே கற்றுக் கொடுத்திருந்தேன்.

டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். "ரெண்டு மணிக்கு ஒரு தடவை குடிச்ச குழந்தை இப்படித் துவளாது. அப்ப உள்ளே கிருமித் தொற்று இருக்கலாம். மூளை வரைக்கும் போயிருக்கான்னு பாக்கணும். முதுகுத்தண்டுல ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுக்கணும். அப்பா கையெழுத்துப் போடுங்க."

ஒரு தாளும் பேனாவும் கைக்கு வந்தன. முழங்கை நீளம் இருக்கிற குழந்தை. அதன் முதுகில் ஊசி. என் பொய்க்காக.

"டாக்டருங்க," என்றேன், "குடிக்கலீங்க. பொய் சொல்லிப்போட்டேன். நேத்து முழுக்க மூணு தடவகூட இருக்காது. எழுப்ப வேண்டாம்னு நாந்தான் சொன்னேன். குஞ்சாட்ட ரெண்டு நாள் தாங்கும்னு நெனச்சுட்டேனுங்க."

மாமியார் என் கையில் ஒரு அடி வைத்தார். "மாப்ள, இந்த நேரத்துலயும் வெளையாடாதீங்க!"

"வெளையாடலீங்க அத்த."

டாக்டரம்மா கௌரியைப் பார்த்தார். "இவர் சொல்றது நிஜமா?"

"இப்பச் சொல்றதுதானுங்க நெசம்," என்றாள் கௌரி.

டாக்டரம்மா திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். "ரத்தப் பரிசோதனை முதல்ல வரட்டும். தேவைப்பட்டாத்தான் இது," என்றார். போகும்போது, "குஞ்சா?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை.

ரத்தத்தில் கிருமிக்கான அடையாளம் இல்லை. இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, உடம்பில் தண்ணீர் குறைந்து ரத்தத்தில் உப்பு ஏறியிருந்தது. அதை அவசரப்பட்டு இறக்கினால் மூளை வீங்கும், அதனால் சொட்டுச் சொட்டாகத்தான் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது, மஞ்சள் காமாலை. பழைய ரத்த அணுக்கள் உடையும்போது பிலிருபின் என்று ஒரு மஞ்சள் கழிவு வரும். அது ஈரல் வழியாகக் குடலுக்கு வந்து மலத்தோடு வெளியே போக வேண்டும். பால் போகாவிட்டால் மலம் போகாது, கழிவு திரும்பவும் ரத்தத்துக்கே ஏறும். ரொம்ப ஏறினால் மூளையைத் தொடும். "இன்னும் கொஞ்சம் கூடுனா முழு ரத்தத்தையும் மாத்தணும்," என்றார் டாக்டரம்மா. நல்ல ஜாதி என்று நான் சொன்ன மஞ்சள் அதுதான்.

பச்சைக் குழந்தைகளுக்கான வார்டில் ஆண்களை விடமாட்டார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். நீல விளக்கின் கீழே, கண்ணைத் துணியால் கட்டி, கையில் சின்ன ஊசிக்குழாயோடு பாப்பா கிடந்தது. அந்த வெளிச்சம் தோலில் படும்போது மஞ்சள் கழிவு கரைந்து வெளியேறத் தோதாக மாறுமாம். எங்கள் ஷெட்டிலும் குஞ்சுக்கு விளக்குப் போடுவோம், சூட்டுக்காக. ஒப்பிட வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கௌரிக்கு அதற்குள் மார்பு கல்லாகக் கட்டிவிட்டது. பால் ஊறத்தான் செய்திருக்கிறது. இழுக்கத் தெம்பில்லாத வாய்க்குக் காத்திருந்து கட்டிப்போயிருக்கிறது. வார்டு நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர், சேலத்துக்காரர். வெந்நீர்த் துணி வைத்து, விரலால் எப்படிப் பீய்ச்சுவது என்று கௌரிக்குக் காட்டினார். முதல் வேளைக்கு அது போதவில்லை. அங்கே தாய்ப்பால் வங்கி இருக்கிறது, பால் அதிகம் ஊறும் தாய்மார்கள் கொடுத்துவிட்டுப் போவதைப் பதப்படுத்தி வைத்திருப்பார்கள். யாரென்று தெரியாத ஒரு பெண்ணின் பாலைத்தான் எங்கள் மகள் அன்று முதலில் குடித்தாள். பாலாடை என்கிற மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், உதட்டில் சாய்த்து, சொட்டுச் சொட்டாக. முப்பது மில்லி இறங்க அரை மணி நேரம் ஆனது.

சிஸ்டர் வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. முதல் வாய் வெச்ச நேரத்துல இருந்து கணக்கு, முடிச்ச நேரத்துல இருந்து இல்ல. ராத்திரியும் அப்படித்தான். ஒரு நாளைக்கு எட்டுல இருந்து பன்னெண்டு தடவை. ஆறு துணியாவது நனையணும். வெறும் தண்ணி, சக்கரைத் தண்ணி, தேன் எதுவும் கூடாது. உள்ள நடக்கறத உங்க வீட்டம்மா வந்து சொல்லுவாங்க, நீங்க எழுதி வைங்க. எழுதத் தெரியுமில்ல?"

"ஒம்பதாவது வரைக்கும் தெரியுமுங்க."

"அதுக்கு மேல எழுத வேண்டி வராது," என்று போய்விட்டார். என்னையே கிண்டல் செய்கிற ஆள்.

ஒரு நோட்டு வாங்கிவந்து கோடு போட்டேன். ஷெட்டில் தினமும் போடுகிற கை. தேதி, தீனி, தண்ணீர், எடை என்று நான்கு கட்டம் தானாக வந்தது. ஐந்தாவது கட்டத்துக்கு அளவு வைத்துக் கோட்டையும் இழுத்துவிட்டேன். ஷெட் அட்டையில் ஐந்தாவது கட்டம், அன்று செத்த குஞ்சுகளின் எண்ணிக்கை. ஒரு குஞ்சும் சாகாத நாளில் பூஜ்ஜியம் போடுவோம். பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வராண்டாவில் நடந்தேன். திரும்பி வந்து அந்தக் கட்டத்துக்கு மேலே 'மூத்திரம்' என்று எழுதினேன். இடம் போதாமல் எழுத்து பக்கத்துக் கட்டத்தில் ஏறியது.

கௌரி என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். சண்டையெல்லாம் இல்லை. உள்ளேயிருந்து வருவாள், அம்மாவைப் பார்த்துச் சொல்வாள்: "நோட்டுக்காரர்கிட்டச் சொல்லும்மா. பத்து மணிக்கு இருவத்தஞ்சு மில்லி. ஒரு துணி நனஞ்சுது." நான் இரண்டடி தள்ளித்தான் நிற்பேன். மாமியார் அதை எனக்கு ஒருமுறை திருப்பிச் சொல்வார்.

வராண்டாவில் போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு இரட்டைக் குழந்தைகள், எடை குறைவு, இரண்டும் உள்ளே. எங்கள் தந்திப் போக்குவரத்தை ஒரு நாள் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஏனுங்க தம்பி, ஊட்டுல பேச்சுவார்த்த இல்லீங்களா?"

"டவர் கெடைக்கலீங்க அண்ணா."

"எத்தன அடி போகணுமாட்ட?"

"உங்க வண்டி எட்டாதுங்க. ரொம்ப ஆழம்."

சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். டீ நன்றாக இருந்தது. ஆனால் அன்று கௌரி சொன்னது சிரிக்கிற மாதிரி இல்லை. அது மாமியாரிடம் சொன்னதுதான், எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னது. "சாயங்காலம் ஆனா ஷெட்டுல ஒவ்வொரு குஞ்சா எடுத்துத் தீனிப்பையத் தொட்டுப் பாப்பாராம்மா, தின்னுச்சா இல்லையான்னு. பத்தாயிரம் குஞ்சு இருந்தாலும் அதுல நூறையாவது பாப்பாராம். இங்க ஒண்ணே ஒண்ணுதான் இருந்துது."

நான் நோட்டைத் திறந்து மறுநாளுக்குக் கோடு போட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த இரண்டாம் நாள் பிலிருபின் கொஞ்சம் இறங்கியது. ரத்தம் மாற்ற வேண்டாம் என்றார்கள். மூன்றாம் நாள் உப்பு இறங்கியது, ஊசிக்குழாயை எடுத்தார்கள். அன்று நோட்டில் ஐந்து துணி நனைந்திருந்தது. மலம் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறியது என்று மாமியார் வந்து சொன்னதும் நான் "ஆஹா!" என்று கத்த, ரிக் வண்டிக்காரர் என்ன லாட்டரியா என்று கேட்டார். மலம் மஞ்சளாக வந்தால் வயிற்றுக்குள் பால் ஒழுங்காகப் போகிறது என்று பொருள். அன்று எங்களுக்கு அது லாட்டரிதான்.

நான்காம் நாள் மதியம் ஸ்டெல்லா சிஸ்டர் கதவைத் திறந்து, "அப்பா குளிச்சாச்சா?" என்றார்.

"குளிச்சாச்சுங்க."

"அப்புறம் எங்கிருந்து கோழி வாசம் வருது?"

"அது தோலுக்குள்ள போயிருச்சுங்க சிஸ்டர். அவுத்துத்தான் போடணும்."

மறுபடியும் சோப்புப் போட்டுக் கையையும் மார்பையும் கழுவச் செய்தார். வார்டுக்கு வெளியே இருந்த சின்ன அறையில் சட்டையைக் கழற்றி நாற்காலியில் சாயவைத்து, பாப்பாவை என் வெறும் மார்பில் படுக்கவைத்து மேலே துணி போர்த்தினார். தோலோடு தோல் இருந்தால் குழந்தைக்குச் சூடு நிற்கும், மூச்சு சீராகும், பால் தேடும் புத்தியும் வரும் என்றார். தாய் பால் பீய்ச்சுகிற நேரத்தில் தகப்பன் இதைச் செய்யலாம். செய்யலாம் என்று எங்கள் பக்கம் ஒரு ஆம்பளைக்கும் தெரியாது.

பாப்பா என் நெஞ்சில் பூனை மாதிரிச் சூடாகக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. தலையை அப்படியும் இப்படியும் திருப்பியது. முஷ்டியை வாயில் திணித்தது.

"சிஸ்டர், என்னமோ பண்ணுதுங்க!"

"பசிக்குதுன்னு சொல்றா. இதுதான் முதல் பேச்சு. இதைக் கவனிக்காம விட்டாத்தான் அழுவா. அழுகைங்கறது கடைசி நோட்டீஸ். எடுத்துட்டுப் போய் அம்மாகிட்டக் குடுங்க."

கௌரி பக்கத்து அறையில் இருந்தாள். குழந்தையை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். என் பக்கம் பார்க்காமல் பாப்பாவின் தாடையை மார்போடு சேர்த்து வைத்தாள். அன்றுதான் முதல்முறையாக அந்தச் சத்தத்தைக் கேட்டேன். க்ளுக், க்ளுக் என்று பால் தொண்டைக்குள் இறங்குகிற சத்தம். இருபது நிமிடம் நின்று கேட்டேன். இடையில் தூங்கப் பார்த்தால் உள்ளங்காலைச் சுரண்டுவது என் வேலை.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு கிலோ ஐந்நூற்று அறுபது. பிறந்த எடையைத் தொடும்வரை கடிகாரம் பார்த்து எழுப்ப வேண்டும், ஒரு வாரம் கழித்து எடைக்கு வரவேண்டும், நோட்டைக் கொண்டு வரவேண்டும் என்றார் டாக்டரம்மா. வீட்டிலும் தந்திப் போக்குவரத்து தொடர்ந்தது. கௌரி பாப்பாவைத் தன் அம்மாவிடம் கொடுப்பாள், அம்மா என்னிடம் கொடுப்பார். நேராக என் கைக்கு வராது.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் மட்டும் கோட்டைவிட்டேன். கௌரியும் மாமியாரும் அசந்து தூங்க, ஆறு மணிக்கு நான் அலாரம் வைத்தேன். வைத்தது காலை ஆறுக்கு. பாப்பா பக்கத்தில் நானும் தூங்கிப்போனேன். விழித்துப் பார்த்தால் நாலரை மணி நேரம் ஓடியிருந்தது. உடனே கொடுத்தோம், நன்றாகக் குடித்தது. நோட்டில் அந்த இடத்தில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன். ஆறு மணி என்று நிரப்ப ஒரு நிமிட வேலை.

வாரம் முடிந்து எடைக்குப் போனபோது டாக்டரம்மா நோட்டை வாங்காமலே கேட்டார். "எப்படி? ரெண்டு மணிக்கு ஒரு தடவை குடுத்தீங்களா?"

கௌரி என் முகத்தைப் பார்த்தாள். பல நாள் கழித்து அன்றுதான் நேராகப் பார்த்தாள்.

"குடுத்தமுங்க. ஒருதடவ உட்டுப்போச்சுங்க," என்றேன். "முந்தாநாள் சாயங்காலம். நாலரை மணி நேரம். அலாரத்தத் தப்பா வெச்சது நானுங்க."

டாக்டரம்மா நோட்டைப் புரட்டி அந்த வெற்றுக் கட்டத்தில் தானே '4½' என்று எழுதினார். பாப்பாவை எடை போட்டார். இரண்டு கிலோ எண்ணூற்று இருபது.

"பிறந்த எடையத் தாண்டியாச்சு. இனிமே கடிகாரம் வேண்டாம். அவளே கேப்பா, கேக்கறப்பக் குடுங்க. துணி நனையறத மட்டும் பாத்துக்கோங்க."

வெளியே வந்தோம். மாமியார் அன்று வரவில்லை. இரும்புச்சத்து மாத்திரை வாங்க நீளமான வரிசை. கௌரி ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு பாப்பாவை என்னிடம் நீட்டினாள். "புடிங்க. தலையப் பாத்து," என்றுவிட்டு வரிசையில் போய் நின்றாள்.

அவள் முன்னால் பத்துப் பேர் இருந்தார்கள். ஆறு பேர் போயிருப்பார்கள், பாப்பா முகத்தைத் திருப்பி என் சட்டைப் பொத்தானைத் தேடியது. வாயைத் திறந்து மூடியது. சத்தமே இல்லை.

"கௌரி! பாப்பா பால் கேக்குது!"

வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பா அழவில்லை, கை காலைக்கூட ஆட்டவில்லை. பார்க்கிறவர்களுக்கு அது நல்ல தூக்கத்தில் இருக்கிற குழந்தைதான். கூப்பிடுகிறவனோ, எதற்கெடுத்தாலும் விளையாடுகிறவன்.

கௌரி "நெசமாவா" என்று கேட்கவில்லை. நான்கு பேருக்குப் பின்னால் இருந்த இடத்தை விட்டுவிட்டு வந்தாள்.